அறுத்த பிறகு நடந்தது

1883 ஏப்ரலில் பெர்லினில் ஜெர்மன் அறுவை மருத்துவர்களின் மாநாடு நடந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துப் பேராசிரியர் தியோடோர் கோகர் அங்கே ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 41. நூற்றுக்கு மேற்பட்ட முன்கழுத்துக் கழலைகளை அறுத்தெடுத்துப் பேர் வாங்கியவர். அன்று அவர் விரிவாகப் பேசியது, அறுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்பதைத்தான். தைராய்டு சுரப்பியை முழுசாக இழந்த என் போன்றவர்களின் வரலாறு அந்த உரையில் தொடங்குவதாகவே நான் நினைக்கிறேன்.

ஆல்ப்ஸ் மலை மண்ணில் அயோடின் குறைவு. அதனால் அந்த ஊர்களில் அப்போது கழலை சர்வசாதாரணம். மூச்சுக்குழாயை நெரித்தால்தான் ஆட்கள் மருத்துவரைத் தேடிப் போனார்கள். போனாலும் கத்தி வைக்கத் துணிந்தவர்கள் குறைவு. ரத்தம் பெருகியும் புண் சீழ்ப்பிடித்தும் நோயாளிகள் இறந்தார்கள். சூரிச்சில் அறுவை மருத்துவர் பில்ரோத் செய்த ஆரம்ப அறுவைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் பிழைக்கவில்லை. கோகர் நிதானமாக, ஒவ்வொரு ரத்தக்குழாயையும் பிடித்துக் கட்டிவிட்டு அறுத்தார். அவர் கையில் அந்தச் சாவுக்கணக்கு கடைசியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

1874-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுரப்பி முழுவதையும் எடுத்திருந்தார். பிறகு அந்தப் பெண்ணின் போக்கே மாறிவிட்டது என்று அவளை அனுப்பிவைத்த மருத்துவரிடமிருந்து தகவல் வந்தது. 1882-ல் ஜெனீவாவின் அறுவை மருத்துவர் ரெவெர்தானும் தன் நோயாளிகளிடம் இதே போன்ற மாற்றத்தைக் கண்டதாகச் சொன்னார். கோகர் தன் பழைய நோயாளிகளுக்கெல்லாம் சொல்லியனுப்பி வரவழைத்தார். சுரப்பி முழுவதையும் இழந்து, அவர் பரிசோதித்த 18 பேரில் 16 பேர் உருக்குலைந்திருந்தார்கள். முகம் ஊதி, நாக்குத் தடித்து, குளிர் தாங்காமல், ஒரு வார்த்தை பேச நேரம் பிடிக்கிறவர்களாகத் திரும்பி வந்தார்கள். அந்தச் சிறுமியும் வந்தாள். ஒரு காலத்தில் அவளைவிடக் குட்டையாக இருந்த தங்கை இப்போது அவளைத் தாண்டி வளர்ந்திருந்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தைப் பார்த்தால் மனசு ஆறாது.

காரணம் மூச்சுக்குழாய்க்கு ஏற்பட்ட சேதம் என்றுதான் கோகர் அப்போது நினைத்தார். காரணம் தவறு. ஆனாலும், சாதாரணக் கழலைக்குச் சுரப்பியை முழுதாக எடுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள் நான். முடிந்த கணக்கை யாரும் கேட்காமலே மறுபடி திறந்து பார்க்கிறவர்கள் எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் மனசில் அவர் உயர்ந்து நிற்பது அந்தப் பழைய நோயாளிகளுக்குச் சொல்லியனுப்பியதால்தான்.

தைராய்டு இல்லாமல் போனது என் சிறுநீரகத்தையும் தொட்டது. இந்தக் கதைக்குள் சிறுநீரகம் எப்போது வந்தது? ஆரம்பத்திலேயே. லண்டன் கைஸ் மருத்துவமனையில் 1827-லேயே ரிச்சர்ட் பிரைட் உடல் வீக்கத்தையும் சிறுநீரக நோயையும் இணைத்துக் காட்டியிருந்தார். ஒரு கரண்டியில் சிறுநீரை ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். திரிந்து வெள்ளையாகக் கட்டினால் கிட்னி கெட்டிருக்கிறது என்று பொருள். அதே மருத்துவமனையின் வில்லியம் கல் 1873-ல், முகம் வீங்கி மந்தமாகிப் போன பெண்கள் சிலரைப் பற்றி எழுதினார். வீங்கிய முகத்தைப் பார்த்தால் அக்கால மருத்துவருக்கு முதலில் சிறுநீரகம்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்த வீக்கத்தில் விரலை அழுத்தினால் குழி விழவில்லை. 1878-ல் வில்லியம் ஆர்ட் இதற்கு மிக்சிடீமா என்று பெயர் வைத்தார். அந்தப் பெண்களுக்கும் பெர்ன் நோயாளிகளுக்கும் வந்தது ஒன்றே, தைராய்டு இல்லாமல் போனதுதான் காரணம் என்று 1883-ல் மருத்துவர் ஃபெலிக்ஸ் செமன் சொன்னபோது ஏற்பார் இல்லை. ஆராயக் குழு போட்டார்கள். 1888-ல் அது அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மருந்து ஆட்டிலிருந்து வந்தது. 1891-ல் நியூகாசிலின் ஜார்ஜ் மர்ரே, மிக்சிடீமா வந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தம்மா 74 வயது வரை இருந்தார். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவருக்குச் செலவானது. அடுத்த ஆண்டு பிளிமத்தில் எட்வர்ட் ஃபாக்ஸ், ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துப் பொடியாக நறுக்கி, பழ ஜெல்லியோடு வாரம் ஒருமுறை சாப்பிடக் கொடுத்தார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் கெண்டல் தைராய்டின் சுரப்பான தைராக்சினைத் தனியே பிரித்தார். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். நான் விடிகாலையில் வெறும் வயிற்றில் போடுகிற சின்ன மாத்திரை அந்த வழியில் வந்தது.

எனக்கு அறுவை முடிந்து சில மாதங்களில் கால் வீங்கியது, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் ரத்தத்தில் 1.5 என்று வந்தது. கிட்னி மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். தைராய்டைப் பார்த்தவர் அது தன் விஷயமல்ல என்றார். ஊர் மருந்துக்கடைத் தம்பிதான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஏனுங்க அக்கா, தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ரெண்டுமே காலையில வெறும் வயித்துலன்னு எழுதியிருக்குதே? சேர்த்துப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல ஏறாதுங்க. நாலு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க.”

பிறகு பார்த்தால், தைராய்டு போதாதபோது ஏறுகிற டி.எஸ்.எச். 38. தைராக்சின் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறையும், வடிகட்டும் வேகம் குறையும், கிரியேட்டினின் ஏறும். மருந்து சரியானால் பெரும்பாலும் இறங்கும். எனக்கும் 1.1-க்கு இறங்கியது.

அறுவைக்குப் பிறகு எனக்குக் கொடுத்த கால்சியத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. கோகரின் நோயாளிகள் மந்தமானார்கள்; பில்ரோத்தின் நோயாளிகளுக்கோ கைகால் இழுத்துக்கொண்டது. கோகர் சுரப்பியைச் சுத்தமாக எடுத்து, சுற்றியிருந்ததைத் தொடாமல் விட்டார். பில்ரோத் வேகமாக அறுத்தபோது தைராய்டில் துண்டு மிஞ்சியது, பின்னால் ஒட்டியிருந்த பாராதைராய்டுகள் போய்விட்டன. பின்னாளில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் தந்த விளக்கம் இது. இந்தச் சின்னச் சுரப்பிகளை முதலில் கண்டது லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் உடலில். மனிதனிடம் கண்டது 1880-ல், உப்சாலாவில் சாண்ட்ஸ்ட்ரோம். 1909-ல் பால்டிமோரில் மெக்கல்லமும் ஃபோக்ட்லினும், கால்சியம் கொடுத்தால் இழுப்பு நிற்பதைக் காட்டினார்கள்.

பாராதைராய்டு இல்லாதவரின் சிறுநீரகம் கால்சியத்தைப் பிடித்து வைக்காது, சிறுநீரில் விட்டுவிடும். மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனால் கல் விழும், நாளடைவில் கிட்னியே கெடும். அதனால்தான் ரத்தத்தில் கால்சியத்தைச் சாதாரண அளவின் கீழ்விளிம்பில் வைக்கிறார்கள். இழுப்பு வராமலும் இருக்க வேண்டும், கல் விழாமலும் இருக்க வேண்டும்.

தைராய்டை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில் நான் கேட்பது இதுதான்: தைராக்சினையும் கால்சியத்தையும் வேறு வேறு வேளையில் எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கும்போதே கால்சியத்தையும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பாருங்கள். நோயாளி வரவில்லை என்றால் சொல்லியனுப்புங்கள்.