சத்தியப் பிரமாணமும் சமய வாதமும்: பிரிட்டனில் கிறிஸ்தவர் – நாத்திகர் விவாதம் வளர்ந்த வரலாறு

கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை ஆராய்வோர் பெரும்பாலும் அதில் எடுத்துவைக்கப்பட்ட வாதங்களையே எடைபோடுகின்றனர். முதற்காரணம், படைப்பின் ஒழுங்கு, உலகில் தீமை இருப்பது ஆகியவை பற்றி நூல்கள் ஏராளம். வாதிட வந்தவரின் சொல்லுக்கு அவையில் என்ன மதிப்பு இருந்தது என்பதையும் உடன் கேட்க வேண்டும். பொய்யன் என்று முன்கூட்டியே முடிவுகட்டப்பட்டவனை விசாரிக்கலாம். அவனோடு வாதிட முடியாது. பிரிட்டனில் அந்த விசாரணை விவாதமாக மாறியது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நாத்திகரின் சொல்லைச் சட்டம் ஏற்றுக்கொண்டதும் இரு தரப்பு விவாதம் முதிர்ந்ததும் இணைந்தே நடந்தன என்பது இதன் துணிபு.

லாக் வகுத்த எல்லை

1689இல் வெளிவந்த சமயப் பொறை பற்றிய கடிதத்தில் ஜான் லாக், அரசு மக்களின் வழிபாட்டில் தலையிடலாகாது என்று வாதிட்டார். ஆனால் நாத்திகரை அந்தப் பொறையின் வேலிக்கு வெளியே நிறுத்தினார். வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் ஆகிய மூன்றும் மனித சமூகத்தைப் பிணைக்கும் கட்டுகள். கடவுளை மறுப்பவனை அவை கட்டுப்படுத்தா என்பது அவர் கூறிய காரணம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1697 ஜனவரி 8ஆம் நாள், எடின்பரோவில் தாமஸ் எய்கன்ஹெட் என்னும் 20 வயது மாணவர் தெய்வநிந்தனைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். திரியேகக் கொள்கையையும் வேதாகமத்தையும் இழித்துப் பேசினார் என்பது வழக்கு. சாட்சி சொன்னவர்கள் உடன் படித்த மாணவர்கள். அவர் மன்னிப்புக் கோரியும் பயனில்லை. பிரிட்டனில் இக்குற்றத்துக்காக உயிரிழந்த கடைசி மனிதர் அவரே.

தூக்குமேடை ஒழிந்த பிறகும் சாட்சிக்கூண்டு நாத்திகருக்கு அடைபட்டே இருந்தது. பொய் சொன்னால் கடவுள் தண்டிப்பார் என்ற அச்சமே சத்தியத்துக்கு வலுவூட்டுகிறது என்று நீதிமன்றங்கள் கருதின. அந்த அச்சம் இல்லாதவரின் சாட்சியம் செல்லாது. 1861இல் ரோச்டேலைச் சேர்ந்த ஒரு பெண் தம் உடைமைக்காக வழக்குத் தொடுத்தபோது, அவருக்கு இறைநம்பிக்கை இல்லை என்பதால் சாட்சியம் மறுக்கப்பட்டது, வழக்கும் தோற்றது. உண்மையை ஒளிக்காமல் தம் நம்பிக்கையின்மையைச் சொன்னவர், உண்மை பேசத் தகுதியற்றவர் ஆனார்.

சிறையிலிருந்து மேடைக்கு

1842 மே மாதம் செல்ட்டனமில் நாத்திகப் பேச்சாளர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் சமூகச் சீர்திருத்தம் பற்றி உரையாற்றினார். மனிதருக்குச் செய்யும் கடமையைச் சொன்னீர்கள், கடவுளுக்குச் செய்யும் கடமை என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மக்கள் வறுமையில் வாடும்போது கடவுளுக்கும் பாதிச் சம்பளமே போதும் என்ற கருத்தில் ஹோலியோக் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்கு ஆறு மாதச் சிறை. அவர் குளோஸ்டர் சிறையில் இருக்கும்போதே அவருடைய சிறு மகள் இறந்துபோனாள்.

அதே ஹோலியோக் 1853இல் லண்டனில் பிரூவின் கிரான்ட் என்ற சபை ஊழியரோடு ஆறு இரவுகள் பொதுமேடையில் வாதிட்டார். இந்தப் பதினோரு ஆண்டுகளில் தெய்வநிந்தனைச் சட்டம் மாறிவிடவில்லை. தொழிலாளர் கோயிலைவிட்டு விலகிச் செல்வதைக் கண்ட திருச்சபையார், வாயடைப்பதைவிட மறுத்துரைப்பதே வழி என்று உணர்ந்தனர். கிரான்ட் அந்த ஊழியத்துக்கென்றே புறப்பட்டவர். தலைப்பை முன்னரே எழுதி ஒப்புக்கொள்வது, இருவருக்கும் சம நேரம் தருவது, பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து நூலாக்குவது என ஒரு மரபு அக்காலத்தில் உருவாயிற்று. அச்சேறிய நூலில் எதிராளியின் பேச்சையும் முழுமையாக வெளியிட வேண்டியிருந்தது. தம் சொல்லோடு எதிர்ச்சொல்லும் நிலைக்கட்டும் என்று இரு தரப்பும் ஒப்பியது சிறிய மாற்றமன்று.

இம்மரபில் முதலிடம் பெற்றவர் சார்லஸ் பிராட்லா (1833–1891). இளம் வயதில் ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்தவர். திடப்படுத்தல் சடங்குக்கு ஆயத்தமாகும்போது, ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளுக்கும் சுவிசேஷங்களுக்கும் இடையே முரண் கண்டு பாதிரியாருக்கு விளக்கம் கேட்டு எழுதினார். பதிலாக நாத்திகன் என்ற பட்டமும் பள்ளியிலிருந்து இடைநீக்கமும் வந்தன. வீட்டைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது. விடை கிடைக்காத ஒரு கேள்வி நாட்டின் முதன்மையான நாத்திகப் பேச்சாளரை உருவாக்கியது. 1866இல் அவர் தேசிய மதச்சார்பற்ற சங்கத்தை நிறுவினார்.

நாடாளுமன்றத்தில் ஒரு சத்தியம்

1869, 1870 ஆண்டுகளின் சாட்சியச் சட்டத் திருத்தங்கள், நம்பிக்கையற்றோர் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறிச் சாட்சியளிக்க வழிசெய்தன. நாடாளுமன்றத்துக்கும் அது பொருந்தும் என்று, 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற பிராட்லா உறுதிமொழி கூற முன்வந்தார், மறுக்கப்பட்டது. சத்தியமே செய்கிறேன் என்றார். கடவுளை நம்பாதவரின் சத்தியம் வெற்றுச்சொல் என்று அதையும் தடுத்தனர். லாக்கின் பழைய வாதம் மீண்டும் எழுந்து வாயிலில் நின்றது. தொகுதி மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தும், 1886 ஜனவரியில்தான் அவர் முறையாக அமர முடிந்தது.

இப்போராட்டத்தில் நினைக்கத்தக்கது, ஆழ்ந்த ஆங்கிலிக்கன் நம்பிக்கையாளரான பிரதமர் கிளாட்ஸ்டன் எடுத்த நிலை. 1883 ஏப்ரலில் உறுதிமொழி மசோதாவை ஆதரித்து அவர் நெடிய உரையாற்றினார். ஏதோ ஒரு கடவுளை நம்பினால் போதும் என்று வாயிலில் கேட்பது கிறிஸ்தவத்தைக் காப்பதாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது. அதே ஆண்டு, ‘பிரீதிங்கர்’ இதழாசிரியர் ஜி. டபிள்யூ. ஃபூட் மீதான வழக்கில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ், வாதத்துக்குரிய நாகரிகம் பேணப்பட்டால் மதத்தின் அடிப்படைகளையே எதிர்ப்பதும் குற்றமன்று என்று நெறி வகுத்தார். கருத்தைத் தண்டித்த சட்டம் அதைச் சொல்லும் முறையை நோக்கித் திரும்பியது. பிராட்லாவின் முயற்சியால் 1888இல் நிறைவேறிய சத்தியப் பிரமாணச் சட்டம், உறுதிமொழி உரிமையை நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உறுதிசெய்தது.

இந்தியத் தொடர்பு

இந்த அலை சென்னையையும் தொட்டது. ஆங்கிலேய மதச்சார்பற்ற இயக்கத்தின் தாக்கத்தில் எழுந்த சென்னை லௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’ இதழை நடத்தினர். லண்டனில் சட்டம் பயின்ற காந்தி, 1891இல் பிராட்லாவின் இறுதிச் சடங்குக்குச் சென்றார். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கி, உங்கள் கடவுளின் அளவென்ன, இருப்பிடம் எங்கே என்று கேலியாகக் கேட்டதையும், பாதிரியார் பணிவோடு மௌனமானதையும் ‘சத்திய சோதனை’யில் பதிவுசெய்திருக்கிறார். அந்நிகழ்ச்சி நாத்திகத்தின்மீது தமக்கிருந்த வெறுப்பை வளர்த்தது என்கிறார். கேள்வியில் வென்றவர் கேட்டு நின்றவரின் மனத்தை இழந்தார்.

வானொலியில் ரஸ்ஸலும் கோப்பிள்ஸ்டனும்

1948 ஜனவரி 28ஆம் நாள் பிபிசி வானொலியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இயேசு சபைக் குரு பிரெடரிக் கோப்பிள்ஸ்டனும் வாதிட்டனர். ரஸ்ஸல் தம்மை ஐயவாதி என்றே அங்கே சொன்னார். ‘கடவுள்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று முதலில் ஒப்பிய பின்னரே இருவரும் வாதத்தில் இறங்கினர். ஒன்றையொன்று சார்ந்த பொருள்களாலான உலகுக்குத் தன்னைத் தவிர வேறு காரணம் வேண்டாத ஒரு மெய்ப்பொருள் தேவை என்றார் கோப்பிள்ஸ்டன். ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்றாகாது என மறுத்தார் ரஸ்ஸல். எவரும் எவரையும் மாற்றவில்லை. ஆயினும் நம் சாத்திர நூலோர் பிறர் கொள்கையான பரபக்கத்தை அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைத்து, அதன் பிறகே தம் கொள்கையான சுபக்கம் கூறிய முறையை அந்த உரையாடலில் காணலாம். வேறுபாடு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கேட்டவர்கள் தெளிவாக அறிந்தனர்.

முடிவுரை

விவாதத்தின் வளர்ச்சியில் இரு தரப்புக்கும் பங்குண்டு. ஹோலியோக்கும் பிராட்லாவும் சிறையும் அவமதிப்பும் தாங்கித் தம் சொல்லை நிலைநாட்டினர். கிரான்ட் மேடையேறி மறுமொழி சொன்னார். கிளாட்ஸ்டன் தம் நம்பிக்கையைக் கைவிடாமலே நாத்திகரின் உரிமைக்காகப் பேசினார். கடவுளை நம்பாதவன் வாக்குத் தவறுவான் என்ற லாக்கின் அச்சத்தை எந்தத் தத்துவ வாதமும் தனித்து நின்று தீர்க்கவில்லை. சாட்சிக்கூண்டிலும் நாடாளுமன்றத்திலும் நாத்திகர் தம் உறுதிமொழியைக் காப்பாற்றியதே அதைத் தீர்த்தது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் தெய்வநிந்தனைக் குற்றம் 2008இல் நீக்கப்பட்டது. எய்கன்ஹெட்டைத் தூக்கிலிட்ட ஸ்காட்லாந்தில் அதை நீக்கும் சட்டம் 2021இல் நிறைவேறி, 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த மாணவர் இறந்து அப்போது 327 ஆண்டுகள் ஆகியிருந்தன.