கடல் இருக்கிறது, கப்பல் இல்லை: ஆலப்புழையில் அரை நாள்

பதிவு கொஞ்சம் நீளம். எட்டாம் வகுப்பு வரலாறு பாடவேளை மாதிரி நினைத்துக்கொண்டு உட்காருங்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் தூங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

விடுமுறைக்கு மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர் குமரகத்தில் படகுவீடு எடுத்தோம். இரண்டு ராத்திரி தண்ணீரில். வேம்பநாட்டுக் காயலைத் தாண்டி மறுநாள் ஆலப்புழையில் கட்டி, அரை நாள் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பக் குட்டநாட்டு ஆறுகள் வழியே போவது என்று ஏற்பாடு. கரிமீன் பொரித்ததையும் பேரன் தொப்பியைக் காயலில் விட்டதையும் குடும்ப குரூப்பில் பார்த்திருப்பீர்கள். நான் எழுத வந்தது அந்த அரை நாளைப் பற்றி.

கடற்கரைக்குப் போனதும் பிள்ளைகள் முதலில் கேட்டது, "பாட்டி, தண்ணிக்குள்ள என்ன இவ்வளவு கம்பு?" என்றுதான். மணலிலிருந்து கடலுக்குள் வரிசையாக இரும்புத் தூண்கள் நிற்கின்றன. மேலே பலகை இல்லை, தண்டவாளம் இல்லை. துருப்பிடித்த கால்கள் மட்டும். எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அது 1862-இல் கட்டிய கடல்பாலம். ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் மிளகும் ஏலமும் கயிறும் உலகத்துக்குப் புறப்பட்ட வாசல் அது.

ஆலப்புழையில் துறைமுகம் அமைந்ததே ஒரு விசித்திரம். கொச்சிக்குக் காயல் கடலோடு சேரும் முகத்துவாரம் உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. நேரான மணல் கரை, திறந்த கடல். அப்படியானால் ஏன் இங்கே?

விடை நம்ம குளச்சலிலிருந்து தொடங்குகிறது. 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைக் குளச்சலில் தோற்கடித்தார். பிடிபட்ட டிலனாய் பிறகு அவருக்கே படைத்தலைவர் ஆனதும், உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருப்பதும் உங்களுக்குத் தெரியும். சுற்றுலா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையோடு டச்சுக்காரர்கள் திருவிதாங்கூருடன் மோதுவதை விட்டார்கள். ஆனால் கொச்சி அவர்கள் கையில்தான் இருந்தது. மிளகு வியாபாரத்தை அரசே எடுத்து நடத்திய திருவிதாங்கூருக்கு, அந்த மிளகை எதிரியின் வாசல் வழியாக அனுப்ப மனம் வருமா? சொந்தமாக ஒரு வாசல் வேண்டியிருந்தது. அம்பலப்புழை நாடு 1740-களிலேயே கைக்கு வந்துவிட்டதால் அதற்கான கரையும் இருந்தது.

இயற்கையும் ஒரு உதவி செய்தது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் எப்படிக் குமுறும் என்று நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆலப்புழைப் பக்கத்துக் கடலில், அந்த மழைக்காலத்தில்தான், அடியிலுள்ள மென்மையான சேறு கலங்கிக் கூழாகி அலையின் வேகத்தை விழுங்கிவிடும். சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அந்த இடம் மட்டும் குளம் மாதிரி கிடக்கும். மீன் அங்கே வந்து குவியும். மலையாளத்தில் அதைச் 'சாகர' என்பார்கள். மீனவனுக்குச் சாகர என்றால் திருவிழா. கப்பல்காரனுக்கு அது மழைக்காலத்திலும் நங்கூரம் போட ஒரு இடம்.

இப்படித்தான் 1762-இல், கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், துறைமுகம் திறந்தது. இந்தப் பெருமையை முழுக்க ராஜா கேசவதாசருக்குக் கொடுப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், மக்களே. அவர் பிறந்தது 1745. துறைமுகம் திறந்தபோது வயது 17. திவான் ஆனது 1789-இல். ஆக, திறந்தது அவர் இல்லை. அதை ஊராக வளர்த்தது அவர். அதுதான் பெரிய வேலை. திறப்பு விழா ஒரு நாளில் முடியும், வளர்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

அவர் நம்ம விளவங்கோட்டுக்காரர் என்பதை இங்கே கொஞ்சம் கர்வத்தோடு சொல்லிக்கொள்கிறேன். ஏழைக் குடும்பம். சின்ன வயதில் பூவாறில் ஒரு மரைக்காயர் வணிகரிடம் கணக்கு எழுதினார் என்பார்கள். வியாபாரத்தின் உள்ளும் புறமும் தெரிந்தவர் நாட்டை நிர்வகிக்க வந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். காயலையும் கடற்கரையையும் இணைக்க இரண்டு கால்வாய்கள் வெட்டினார்கள்: வாடைக் கால்வாய், வணிகக் கால்வாய். மலையிலிருந்து வரும் சரக்கு ஆற்றில் இறங்கி, காயல் தாண்டி, கால்வாய் வழியே பண்டகசாலை வாசலுக்கே படகில் வந்து சேரும். கட்ச், குஜராத், பம்பாய்ப் பக்கத்து வணிகர்களை அழைத்து இடம் கொடுத்துக் குடியேற்றினார்கள். இன்றும் ஆலப்புழையில் குஜராத்தித் தெரு இருக்கிறது, சமணக் கோயில் இருக்கிறது. நாங்கள் அந்தத் தெருவில் நடந்தோம். பழைய ஓட்டுக் கட்டடங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன.

அடுத்த நூறு ஆண்டில் ஊர் வேகமாக வளர்ந்தது. 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் இங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். தேங்காய் மட்டையைக் காயலில் ஊறப்போட்டு, அடித்து, நாராக்கி, பெண்கள் ராட்டில் திரித்த கயிறு பாயாகவும் மிதியடியாகவும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. லண்டனில் ஒரு துரை வீட்டுக்குள் நுழையும்முன் பூட்ஸைத் துடைத்தது வேம்பநாட்டு ஓரத்தில் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஊறவைத்த மட்டையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1862-இல் கடல்பாலமும் கலங்கரை விளக்கமும் வந்தன. விளக்கு முதலில் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. பிள்ளைகளோடு அதன் சுழல்படி ஏறினேன். முட்டுவலி இரண்டு நாள் பாக்கி வைத்தது. ஆனால் மேலே நின்றால் ஊரின் வரலாறே படமாகத் தெரிகிறது: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னங்காட்டுக்குள் ஓடும் கால்வாய்கள்.

பிறகு என்ன ஆயிற்று? "சுனாமி வந்துச்சா பாட்டி?" என்றாள் பேத்தி. இல்லை. ஐம்பது அறுபது கிலோமீட்டர் வடக்கே இன்னொரு துறைமுகம் பெரிதானது, அவ்வளவுதான்.

கொச்சியின் முகத்துவாரத்தை ஒரு மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அதைத் தோண்டி வழி செய்தார். 1928-இல் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் வெலிங்டன் தீவையே உண்டாக்கினார்கள். கொச்சிக்கு எர்ணாகுளம் வழியாக 1902-இலேயே ரயில் வந்துவிட்டது. ஆலப்புழைக்கு ரயில் எப்போது வந்தது தெரியுமா? 1989-இல். ஆழமான துறை, பக்கத்திலேயே ரயில் என்று இரண்டும் இருக்கும் இடத்தை விட்டு, திறந்த கடலில் நங்கூரம் போட்டுப் படகில் சரக்கு ஏற்ற எந்தக் கப்பல் வரும்?

இதில் எனக்கு மனதை உறுத்தும் ஒன்று உண்டு. கொச்சித் துறைமுகத்தை வளர்க்கும் உடன்பாட்டில் கொச்சி அரசோடும் சென்னை மாகாணத்தோடும் திருவிதாங்கூரும் ஒரு பங்காளி. டச்சுக்காரனின் வாசல் வேண்டாம் என்று தனி வாசல் திறந்த அதே அரசு, சுங்கவரியில் பங்கு கிடைக்கும் என்றதும் பழைய வாசல் மூடப்போவதை ஏற்றுக்கொண்டது. அரசுக் கணக்கில் அது நஷ்டமில்லை. சுமை தூக்கியவனின் கணக்கில் நஷ்டம்தான். அந்தக் கணக்கை எழுதிவைக்க யாரும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: ஆலப்புழைக்கு மழைக்காலப் புகலிடமான அந்தச் சேற்றுக்கரைகளைப் பற்றி 1938-இல் ஒரு நூலே எழுதியவர் வேறு யாருமல்ல, அதே பிரிஸ்டோதான்.

ஆனால் ஊர் வாய் மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1922-இலேயே கயிற்றுத் தொழிலாளர்கள் இங்கே சங்கம் வைத்துவிட்டார்கள். 1938-இல் பெரிய வேலைநிறுத்தம். 1946 அக்டோபரில், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில், பக்கத்துப் புன்னப்பிராவிலும் வயலாரிலும் துப்பாக்கிச் சூடு. கயிறு திரித்தவர்களும் மீன் பிடித்தவர்களும் வயலில் உழைத்தவர்களும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். நாமும் அன்று அதே திருவிதாங்கூரில் இருந்தோம். 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆகவே இதைப் பக்கத்து மாநிலத்துக் கதையாக மட்டும் படிக்காதீர்கள்.

சாயங்காலம் படகுக்குத் திரும்பியதும் ஸ்ராங்கிடம் (படகோட்டியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) பேச்சுக் கொடுத்தேன். அவருடைய தாத்தா இதே நீரில் கழுக்கோல் ஊன்றி நெல் கொண்டுபோனவராம். இந்தப் படகுவீடுகளின் மூலம் கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றாலேயே சேர்த்துக் கட்டுவது. அதனால்தான் 'கெட்டு' வள்ளம். குட்டநாட்டு நெல்லையும் மலைச்சரக்கையும் துறைமுகத்துக்குச் சுமந்தவை இவைதான். துறைமுகம் ஓய்ந்தது, சாலையும் லாரியும் வந்தன, வள்ளங்கள் கரையேறின. 1990-களில் யாரோ அதில் கட்டிலும் குளியலறையும் வைத்துப் பார்த்தார்கள். இன்று நாம் ஏசி போட்டுத் தூங்குகிறோம். "தாத்தா நெல்லு கொண்டுபோனார், நான் ஆளு கொண்டுபோறேன், சேச்சி" என்று சிரித்தார். வேலை போன படகுக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. மனிதர்கள் எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. அந்தக் காயலும் இத்தனை படகுகளின் கழிவையும் எண்ணெயையும் எத்தனை காலம் தாங்கும் என்பது அடுத்த கேள்வி.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நம் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் வந்துவிட்டது. விளவங்கோட்டிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். என் மாணவர்களில் சிலருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, சந்தோஷம். வேறு சிலருடைய அப்பாக்கள் அதே கடலில் வலை வீசுகிறவர்கள், அவர்களுக்குக் கவலை. இரண்டு பேரும் என் பிள்ளைகள்தான். துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வரலாறு சொல்வதை மட்டும் சொல்கிறேன்: ஒரு துறைமுகம் பிறப்பதும் ஓய்வதும் கடலின் விருப்பம் மட்டுமல்ல, மனிதர்கள் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. முடிவெடுக்கும் மேசையில் வரிக்கணக்கு இருக்கும். சுமை தூக்குகிறவனின் கணக்கும் அங்கே இருக்கிறதா என்று கேட்க ஆள் வேண்டும். படித்த நீங்கள் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். பூவாறிலிருந்து மண்டைக்காடு பக்கம் வரை 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய நம்ம ஏ.வி.எம். கால்வாய், அதாவது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. அதில் வள்ளத்தில் போன ஞாபகம் உள்ள தாத்தா பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், என்ன சரக்கு போனது, எங்கே இறங்குவார்கள், கூலி எவ்வளவு என்று இந்த வாரமே கேட்டு எழுதிக் கீழே போடுங்கள். எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், மக்களே.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்