மழை கட்டிய வீடு

ஆர்தர் ஷெர்மன் ஒரு பாக்டீரியாலஜிஸ்ட். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மருந்துக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த வசதியான மனிதர். ஊரே கார் தயாரித்துக்கொண்டிருந்தாலும், இவருக்கும் காருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அதை ஓட்டுவதுதான்.

1920-களின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. மனைவி, குழந்தைகளோடு வெளியூரில் போய்த் தங்கலாம் என்று கிளம்பினார். அதற்காகவே ஒரு கூடார வண்டி வாங்கினார். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். போன இடத்தில் பிரித்தால் கூடாரம். 'தண்ணீர் புகாத அறை, சில நிமிடங்களில் விரிந்துவிடும்' என்று விளம்பரத்தில் அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

போன இடத்தில் பிடித்துக்கொண்டது இடியும் மழையும்!

ஷெர்மன் கூடாரத்தை விரிக்கிறார். ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் மடங்குகிறது. ஊஹும், அசையவில்லை. அவர் போராடி முடிப்பதற்குள் மொத்தக் குடும்பமும் தொப்பலாக நனைந்துவிட்டது. விளம்பரத்தை எழுதிய ஆசாமி மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் விற்றவனைத் திட்டிவிட்டு, அடுத்த முறை லாட்ஜில் ரூம் போட்டிருப்போம். ஷெர்மன் விடவில்லை. ஊர் திரும்பியதும் ஒரு வண்டியைத் தானே திட்டம் போட்டு வரைந்தார். ஆள் வைத்துச் செய்தும் வாங்கினார். ஆறடி அகலம், ஒன்பதடி நீளம். உயரம் காருக்கு மேல் போகவில்லை. துணி கிடையாது, விரிப்பது, மடிப்பது எதுவும் கிடையாது. கெட்டியான பலகைச் சுவர், தலைக்கு மேல் நிஜமான கூரை. உள்ளே அடுப்பு, ஐஸ் பெட்டி, அலமாரி, நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. பெயர் 'கவர்ட் வேகன்'. அந்தக் காலத்தில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தவர்கள் ஓட்டிப்போன கூண்டு வண்டியின் பெயர்!

1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் இதைக் கொண்டுபோய் நிறுத்தினார். விலை 400 டாலர். அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் விழுந்து கிடந்த நேரம் அது. இருந்தும் அந்த சீஸன் முடிவதற்குள் 118 வண்டிகள் விற்றன. 1936-ல் வருடத்துக்கு சுமார் 6,000 வண்டிகள், 30 லட்சம் டாலர் வியாபாரம். நாட்டிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனி, பாக்டீரியாலஜிஸ்ட்டுடையது!

அதே சமயம் நாட்டின் இன்னொரு கோடியான கலிஃபோர்னியாவில் ஹாலி போலஸ் என்பவர் வேறு வழியில் யோசித்தார். லிண்ட்பெர்க் 1927-ல் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டினாரே, அந்த விமானம் தயாரான பட்டறையில் மேற்பார்வை பார்த்தவர் இவர். விமானம் மாதிரியே அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து, முட்டை வடிவத்தில் 1934-ல் ஒரு டிரெய்லர் செய்தார். வியாபாரம் நிலைக்கவில்லை. அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-ல் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்று விற்றார் வாலி பையம். பளபளவென்று வெள்ளிக் குடம்போல சாலையில் போகிற அந்த வண்டியை ஆங்கிலப் படங்களில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

பலகையோ, அலுமினியமோ... எல்லோருக்கும் எதிரி ஒன்றுதான். தண்ணீர்!

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. டிரெய்லர் ஓடுகிறது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அதன் மூட்டுகள் எல்லாம் ஆட்டம் காண்கின்றன. மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் தகடு, தகட்டில் நூற்றுக்கணக்கான ஆணிகள், திருகுகள். கூரையில் காற்றுப்போக்கிக்கு ஒரு ஓட்டை, குழாய்க்கு ஒரு ஓட்டை, ஜன்னலுக்கு, விளக்குக்கு என்று ஆளாளுக்கு ஒரு ஓட்டை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பசையைப் பூசித்தான் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். கோடை வெயிலில் அந்தப் பசை காய்ந்து, முடி பருமனுக்கு விரிசல் விடும். அது போதும்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் அவர்களுக்கு இலையுதிர்காலம். அதிலும் ஸியாட்டில், போர்ட்லேண்ட் பக்கமெல்லாம் அக்டோபர் கடைசியில் தொடங்கும் மழை, வசந்தம் வரை சிணுங்கிக்கொண்டே இருக்கும். கொட்டித் தீர்க்கிற மழையைவிட இந்தச் சிணுங்கல் மழைதான் ஆபத்து. விரிசலில் இறங்கிய ஈரம் காய்வதற்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது. குளிர்ப் பிரதேசமாக இருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவிகிதம் பருக்கும். முடியளவு விரிசல் விரலளவு ஆகும். உள்சுவரில் பழுப்பாக ஒரு கறை தெரிகிறதே, அது தொடக்கம் இல்லை. அது தெரியும்போது உள்ளே பிளைவுட் ஏற்கெனவே ரொட்டி மாதிரி ஊறிப்போயிருக்கும். பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத் தேடுவதில்லை (எஞ்சினே கிடையாது!). மூலை முடுக்குகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். அமுங்கினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் இலையுதிர்காலம் வந்தால் அங்கே ஒரு சடங்குபோல வேலை நடக்கிறது. முதலில் வீடு. கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் உதிர்ந்த இலை அடைத்திருக்கும், ஏணி போட்டு வழித்தெடுக்க வேண்டும். அப்புறம் டிரெய்லர். கூரையைக் கழுவி, காய்ந்த பசையைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். ஒரு பக்கம் லேசாகச் சாய்வாக நிறுத்த வேண்டும், தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்கு. குழாய்களில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடித்து, உறையாத திரவத்தை ஊற்ற வேண்டும். இல்லையென்றால் குளிரில் குழாய் வெடித்துவிடும். சிலர் முழு வண்டியையும் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடிவிடுவார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. வெளி ஈரம் வராது, சரி. உள்ளே இருக்கும் ஈரம் எங்கே போகும்?

உள்ளே ஈரம் எப்படி என்கிறீர்களா? நாம் விடும் மூச்சே ஈரம்தான். அடுப்பு இன்னும் மோசம். ஒரு கிலோ புரொப்பேன் வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு காபி போட்டால், மழையை நாமே உள்ளே பெய்ய வைக்கிறோம்! அடைத்தால் புழுங்கும், திறந்தால் நனையும். டிரெய்லர்காரன் மழைக்காலம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

விடுமுறைக்குப் போகிறவனுக்கு இது தலைவலி. அதிலேயே வாழ்கிறவனுக்கு?

ஷெர்மனின் வண்டி பிறந்த சில வருடங்களிலேயே, வாடகை கொடுக்க முடியாதவர்கள் டிரெய்லரில் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். 1929 பங்குச்சந்தைச் சரிவை முன்கூட்டியே சொல்லிப் பேர் வாங்கிய ரோஜர் பாப்ஸன், 'இன்னும் இருபது வருடத்தில் அமெரிக்காவில் பாதிப்பேர் டிரெய்லரில்தான் வாழ்வார்கள்' என்று ஜோசியம் சொன்னார். இந்த முறை பலிக்கவில்லை. ஆனால், இரண்டாம் உலகப்போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களைக் குடிவைக்க அரசாங்கமே ஆயிரக்கணக்கில் டிரெய்லர்களை வாங்கியது. அதன்பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. ஓரிடத்தில் நிறுத்தி வாழ்வதற்கான பெரிய 'மொபைல் ஹோம்' ஒரு பக்கம். சுற்றுலாவுக்கு இழுத்துப் போகும் டிரெய்லர் இன்னொரு பக்கம். முதலாவதற்கு 1976-ல் கட்டுமான விதிகள் வந்தன. அதில் போடும் ஒட்டுப் பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு எவ்வளவு கசியலாம் என்பதற்கும் 1985-ல் வரம்பு கட்டினார்கள். இரண்டாவதற்கு அந்த விதிகள் இல்லை. காரணம், சட்டத்தின் கண்ணில் அது வீடே இல்லை. வண்டி!

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயல் லூசியானா, மிஸிஸிபி கடற்கரையைத் துவைத்துப் போட்டது. வீடிழந்தவர்களுக்காக 'ஃபீமா' எனும் பேரிடர் நிவாரண அமைப்பு சுமார் 1,45,000 டிரெய்லர்களையும் மொபைல் ஹோம்களையும் வாங்கியது. செலவு சுமார் 270 கோடி டாலர். பெரும்பாலானவை சுற்றுலா டிரெய்லர்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 240 சதுர அடி. வார விடுமுறைக்குச் செய்த பெட்டியில் குழந்தை குட்டிகளோடு மாதக்கணக்கில், பலர் வருடக்கணக்கில் இருந்தார்கள்.

கண் எரிகிறது, மூக்கில் ரத்தம், குழந்தைக்கு மூச்சுத் திணறல்... 2006-லேயே புகார்கள் வரத்தொடங்கின. சுவரிலும் அலமாரியிலும் இருந்த ஒட்டுப் பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்துகொண்டிருந்தது. வெப்பமும் ஈரமும் ஏற ஏற அது அதிகமாகும். அந்தக் கடற்கரையில் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள் அதிகாரிகள். வெளியே மழை, கொசு, புழுக்கம்.

2007 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. பரிசோதனை எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்று ஃபீமாவின் வழக்கறிஞர் ஒருவர் எழுதியிருந்தார். ஏன்? முடிவு கைக்கு வந்துவிட்டால் நடவடிக்கை எடுக்கும் கடமையும் வந்துவிடுமாம். படித்தவுடன் எனக்கு அந்தப் பழைய கூடார விளம்பரம் ஆயிரம் மடங்கு யோக்கியமாகத் தோன்றியது.

கடைசியில் அரசின் நோய்த் தடுப்பு மையம் 519 வண்டிகளைச் சோதித்தது. 2008 பிப்ரவரியில் முடிவு வந்தது. காற்றில் நூறு கோடிக்கு சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு. சாதாரண அமெரிக்க வீடுகளில் இது 10 முதல் 20 வரைதான். ஒரு வண்டியில் 590 வரை இருந்தது. இத்தனைக்கும் சோதனை நடந்தது குளிர்காலத்தில். கோடையில் இன்னும் அதிகமாக இருந்திருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். 2012-ல் தயாரிப்பாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து 4.26 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

வண்டிகள் என்ன ஆயின? 'குடியிருக்க ஏற்றதல்ல' என்று ஸ்டிக்கர் ஒட்டி அரசாங்கம் ஏலத்தில் விற்றது. வாங்கிய சில வியாபாரிகள் ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டார்கள். 2010-ல் அதே மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து, கடல் முழுக்க எண்ணெய் பரவியது. அதைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் சிலர் தங்குவதற்கு மலிவான இடம் தேடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது, இந்த வண்டிகள்.