அட்டையில் ஒருவர், உள்பக்கத்தில் ஒருவர்

ஸ்டார் ட்ரெக் 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. டாக்டர் ஹூ அதற்கு 3 ஆண்டு மூத்தது, பிரிட்டனில் பிறந்தது. இரண்டுமே திரைக்கு வந்த ஓராண்டுக்குள் காமிக்ஸுக்குள் நுழைந்து இன்றுவரை வெளியேறவில்லை. இவை வரையப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் தேடிப் பிடித்துப் பட்டியலிட விரும்பும் சேகரிப்பாளருக்கு இரண்டும் ஒரே மாதிரியான வேலை இல்லை.

ஸ்டார் ட்ரெக்கைத் தேடுவது உரிமத்தின் பின்னால் ஓடுவது. 1967 முதல் 1979 வரை கோல்ட் கீ நிறுவனம் 61 இதழ்கள் வெளியிட்டது. பிறகு மார்வெல் 18 இதழ்கள், 1984 முதல் டிசி, 2007 முதல் ஐடிடபிள்யூ. 1993இல் டீப் ஸ்பேஸ் நைன் என்ற கிளைத் தொடர் மட்டும் மாலிபு நிறுவனத்துக்குப் போனதால், ஒரே காலத்தில் இரண்டு கடைகளின் அலமாரியைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அட்டையில் பெயர் இருக்கும், எண் இருக்கும். எந்த எண் விடுபட்டது என்பது உடனே தெரிந்துவிடும்.

சிக்கல் பிரிட்டனில்தான். அங்கே ஸ்டார் ட்ரெக் 1969 ஜனவரியில் ஜோ 90 வார இதழில் சில பக்கத் தொடராக வந்தது. பிபிசி அதை ஒளிபரப்பத் தொடங்கியதே அந்த ஆண்டு ஜூலையில்தான். ஆரம்ப இதழ்களில் கேப்டன் கிர்க்கின் பெயரே ‘கர்ட்’ என்று அச்சாகியிருக்கிறது. பின்னர் டிவி21க்கும், அங்கிருந்து வேலியன்டுக்கும் அந்தத் தொடர் இடம் மாறியது. நம் இரும்புக்கை மாயாவி பிறந்த அதே வேலியன்ட்தான்.

ஸ்டார் ட்ரெக்குக்கு இப்படி ஒரு கிளையாக இருப்பது டாக்டர் ஹூவுக்கு அடிமரம். 1964 நவம்பரில் டிவி காமிக் வார இதழில் தொடங்கியது. இடையில் கவுண்ட்டவுன் இதழுக்குப் போய், 1973இல் திரும்பி வந்தது. எல்லாமே பல கதைகளுக்கு நடுவே ஓரிரு பக்கங்கள். அட்டையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

புரட்டினால் அடுத்த கேள்வி எழும்: எதைக் கணக்கில் சேர்ப்பது? டாக்டர் ஹூவின் நாயகனான டாக்டருக்குப் பரம எதிரிகள் டாலெக்குகள். அவற்றின் உரிமை அவற்றைப் படைத்த டெரி நேஷனிடம் இருந்தது. அதனால் 1965 முதல் 2 ஆண்டுகள் அவை வேறோர் இதழான டிவி செஞ்சுரி 21இல் 104 வாரம் தனியாக ஓடின. டாக்டர் அதில் தலைகாட்டவே இல்லை. டிவி காமிக்கிலோ அப்போது டாக்டர் உண்டு, டாலெக் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப டிராட்ஸ் என்ற எந்திரங்களைப் படைத்தார்கள். டாக்டரே இல்லாத அந்த 104 வாரங்களையும் சேர்ப்பேன். அந்த உலகத்தைப் பல திரைக்கதைகளைவிட அழகாக விரித்தவை அவை.

எல்லை தாண்டும் பாத்திரங்கள் இன்னொரு தலைவலி. ராட்சத எந்திரக் கூலிவீரன் டெத்ஸ் ஹெட் 1987இல் பிரிட்டன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இதழில் வந்தவன். அடுத்த ஆண்டு டாக்டர் ஹூ மேகசின் 135ஆம் இதழில் டாக்டர் அவனை மனித உயரத்துக்குச் சுருக்கி அனுப்பினார். அதன்பின் அவனுக்கென்றே வந்த இதழின் 8ஆம் எண்ணில் டாக்டரை மீண்டும் சந்தித்தான். டாக்டரின் பெயரை மட்டும் தேடுகிறவர் இதைத் தவறவிடுவார். இரண்டு பட்டியல்களும் அட்டையிலேயே கைகுலுக்குவது ஐடிடபிள்யூ 2012இல் தொடங்கிய 8 இதழ்களில்தான். ஸ்டார் ட்ரெக்கின் கேப்டன் பிக்கார்டும் டாக்டரும் சேர்ந்தே வருகிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த சிக்கல் 1970களின் இறுதியில் வந்தது. டிவி காமிக் பழைய கதைகளை எடுத்து, டாக்டராக முன்பு நடித்தவர்களின் முகத்தை மறைத்து அதன்மேல் அப்போது டாக்டராக நடித்துவந்த டாம் பேக்கரின் முகத்தை வரைந்து மறுபடி அச்சிட்டது. உடலும் கதையும் ஒருவருடையவை, தலை இன்னொருவருடையது. மறுபதிப்பு என்று பலர் கடந்துவிடுவார்கள். என் பட்டியலில் அந்த ஒவ்வொரு கதைக்கும் இரண்டு வரி உண்டு: முதலில் வரைந்தவருக்கு ஒன்று, முகத்தை மாற்றிய கைக்கு ஒன்று.