"எல்லாவற்றிலும் ஆண்மக்களாயிருங்கள்": காஷ்மீர் மிஷன் பள்ளியொன்றின் வரலாறு நமக்குக் கற்பிப்பது

ஆண்பிள்ளை இவ்வாறிருக்க வேண்டும், பெண்பிள்ளை இவ்வாறிருக்க வேண்டும் என்னும் எண்ணங்கள் குழந்தையோடு பிறப்பவை அல்ல. வீடும் பள்ளியும் சமயமும் அரசும் சேர்ந்து அவற்றைக் குழந்தையின் உள்ளத்தில் பதிக்கின்றன. இவ்வுண்மையை ஏட்டளவில் ஒப்புக்கொள்வது எளிது. கிறிஸ்துவின் பெயரால் நடந்த கல்விப்பணியே இவ்வேலையில் எவ்வாறு ஈடுபட்டது என்பதை ஆராயும்போதுதான் அதன் கனம் நமக்குப் புலனாகிறது. ஆகவே, ஸ்ரீநகரிலிருந்த சி. எம். எஸ். மிஷன் பள்ளியின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்வோம். செசில் ஏர்ல் டின்டேல்-பிஸ்கோ என்னும் ஆங்கிலக் குருவானவர் 1890 முதல் 1947 வரை அங்கே பணியாற்றினார். "எல்லாவற்றிலும் ஆண்மக்களாயிருங்கள்" என்பதே அவர் பள்ளியின் குறிக்கோளுரை. இவ்வுரையில் சுவிசேஷத்தின் பங்கு எவ்வளவு, ஒரு நாட்டின் பழக்கவழக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதே நம் வினா.

1. இங்கிலாந்தில் 'ஆண்மை'

டின்டேல்-பிஸ்கோ தம்முடன் காஷ்மீருக்குக் கொண்டுவந்த ஆண்மைக் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக 1828 முதல் 1842 வரை விளங்கிய தாமஸ் ஆர்னால்டு, மாணவரிடம் முதலாவது சமய ஒழுக்க நெறியையும், இரண்டாவது கண்ணியமான நடத்தையையும், மூன்றாவது அறிவுத்திறனையும் எதிர்பார்த்தார். ஆண்மை என்று அவர் குறித்தது சிறுபிள்ளைத்தனத்தின் எதிர்ப்பதத்தை, அதாவது மனச்சான்றின்படி பொறுப்போடு நடக்கும் முதிர்ச்சியை. விளையாட்டு அவர் திட்டத்தில் முதன்மையான இடத்தைப் பெறவில்லை.

ஆர்னால்டு இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் நிலைமை மாறத் தொடங்கியது. அவருடைய மாணவரான தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்னும் கதைநூலில் ரக்பி பள்ளியின் விளையாட்டுத் திடல் பெரும் சிறப்புப் பெற்றது. அதே ஆண்டில் சார்ல்ஸ் கிங்ஸ்லியின் நாவலொன்றைத் திறனாய்ந்த ஒருவர் 'தசைவலிக் கிறிஸ்தவம்' என்று பொருள்படும் பெயரை வழங்கினார். கிங்ஸ்லிக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. எனினும் அது நிலைத்துவிட்டது. ஆர்னால்டின் தலைமுறையில் பக்தியும் கல்வியும் இணைந்திருந்தன என்றும், நூற்றாண்டின் இறுதியில் உடல்வலிமையும் விளையாட்டும் அவ்விடத்தைக் கைப்பற்றின என்றும் டேவிட் நியூசம் 1961-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். ஐம்பது ஆண்டுகளுக்குள் ஆண்மை என்னும் ஒரே சொல் பொருள் மாறிற்று. முன்பு சிறுபிள்ளைத்தனத்துக்கு எதிராக நின்ற சொல், பின்பு பெண்தன்மைக்கு எதிராக நிறுத்தப்பட்டது.

உடையின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, சிறு ஆண்குழந்தைகளும் பெண்குழந்தைகளைப் போலவே நீண்ட கவுன் அணிந்தனர். நான்கு முதல் ஏழு வயதுக்குள் ஒரு நாள் அவர்களுக்குக் காற்சட்டை அணிவிப்பது குடும்ப விழாவாகவே நடந்தது. அக்காலத்துத் தாய் எவளும் தன் மகனின் கவுனைக் கண்டு வெட்கப்படவில்லை. நீண்ட அங்கி பெண்களுக்கே உரியது என்பது இயற்கையின் சட்டமன்று, காலத்தின் வழக்கமே என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இவ்வழக்கம் ஆட்சியாளரின் கையில் ஒரு கருவியாகவும் பயன்பட்டது. மெக்காலே 1841-இல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில் வங்காளிகளைப் பெண்தன்மை மிக்கவர்களாகச் சித்திரித்தார். தமிழரும் இதற்குத் தப்பவில்லை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாகவும், பின் 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியரைப் போர்க்குணம் அற்றவரென்று கருதி வடமேற்கு மக்களையே படையில் சேர்ப்பதை ஆதரித்தார். 1751-இல் ஆர்க்காட்டுக் கோட்டையைக் காத்து நின்றவர்களில் தென்னிந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது அப்போது மறக்கப்பட்டது. ஒரு மக்களினத்துக்கு ஆண்மை உண்டா இல்லையா என்பதை ஆள்வோரின் தேவையே முடிவு செய்தது.

2. ஸ்ரீநகரில் நிகழ்ந்தவை

இச்சூழலில் உருவானவரே டின்டேல்-பிஸ்கோ. 1863-இல் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் பயின்றார். 1884-இல் ஆக்ஸ்போர்டுடன் நடந்த படகுப் போட்டியில் வெற்றிபெற்ற கேம்பிரிட்ஜ் படகின் சுக்கானைப் பிடித்தவர் அவரே. 1890-இல் ஸ்ரீநகர்ப் பள்ளிக்கு வந்தபோது அவர் கண்டவர்கள் பெரும்பாலும் பிராமணச் சிறுவர்கள். பெரன் என்னும் நீண்ட அங்கியை அணிந்து, குளிர்காலத்தில் அதனுள்ளே காங்ரி என்னும் தணற்சட்டியை வைத்துக்கொள்வது அந்நாட்டு வழக்கம். ஏடு படிப்பதே அச்சிறுவர்களின் நோக்கம். ஓடுவதும் படகு தள்ளுவதும் கூலியாளின் வேலை என்றே அவர்கள் எண்ணினர்.

இவர்களை ஆண்மையற்றவர்கள் என்று புதிய ஆசிரியர் தீர்ப்பிட்டார். ஆனால் அச்சிறுவர்களுக்கும் ஓர் ஆண்மை இலக்கணம் கற்பிக்கப்பட்டிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். கற்றவன், தூய்மை காப்பவன், உடலுழைப்பால் கை கறைபடாதவன் என்பதே அவர்கள் வீட்டில் போற்றப்பட்ட ஆண்மகனின் உருவம். ஆகவே அங்கு மோதியவை ஆண்மையும் ஆண்மையின்மையும் அல்ல. வெவ்வேறு சமுதாயங்கள் வளர்த்த இருவகை ஆண்மைகளே மோதின.

1891-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் நடந்த முதல் கால்பந்தாட்டம் அம்மோதலின் உச்சம். பந்து தோலால் செய்யப்பட்டதென்று அறிந்த மாணவர்கள், அது தீட்டு என்று சொல்லித் தொட மறுத்தனர். டின்டேல்-பிஸ்கோவும் ஆசிரியர்களும் கையில் தடிகளுடன் நின்று அவர்களை ஆட்டத்துக்குள் செலுத்தினர். ஆட்டத்தின் நடுவில் பந்து ஒரு சிறுவனின் முகத்தில் பட்டது. தீட்டுப்பட்டேன் என்று அவன் அழுதான். அவனை வாய்க்காலுக்கு அழைத்துச் சென்று கழுவிக் கொண்டுவரும்படி சொல்லப்பட்டது. பின்பு ஆட்டம் தொடர்ந்தது. நாளடைவில் அப்பள்ளியின் மாணவர்கள் கால்பந்தாட்டத்தில் பேரார்வம் கொண்டவர்களானார்கள் என்பதும் உண்மையே.

படகுப் பயிற்சியும் அவ்வாறே நடந்தது. துடுப்புப் பிடிப்பது ஹாஞ்சி என்னும் படகோட்டிகளின் தொழில். உயர்குலத்தார் அதைத் தொடுவது இழிவு. அத்துடுப்பையே பள்ளியின் சின்னமாக வைத்தார் டின்டேல்-பிஸ்கோ. துடுப்பு உழைப்பையும் வலிமையையும் குறிக்கும். காஷ்மீரத் துடுப்பின் தட்டு இதய வடிவினதாகையால் அது இரக்கத்தைக் குறிக்கும். குறுக்காக வைக்கப்பட்ட இரு துடுப்புகள் தன்னலத் தியாகத்தையும் சிலுவையையும் நினைவூட்டும். மதிப்பெண்களையும் அறிவு, உடல், ஆன்மா என்னும் மூன்றுக்கும் பங்கிட்டு, பிறருக்குச் செய்யும் உதவியை ஆன்மாவின் பங்கில் சேர்த்தார். மாணவர்கள் தீவிபத்துகளில் நீர் இறைத்தனர், கொள்ளைநோய்க் காலத்தில் தெருக்களைத் துப்புரவு செய்தனர், மருத்துவமனை நோயாளிகளைப் படகேற்றி ஏரியில் உலாக் கொண்டுசென்றனர், வதைக்கப்பட்ட விலங்குகளைக் காத்தனர்.

3. கோதுமையும் களையும்

இவ்வரலாற்றை முழுதும் புகழ்வதோ முழுதும் பழிப்பதோ நீதியன்று. உடலுழைப்பை இகழ்ந்த சாதிப் பெருமையைத் துடுப்பினால் உடைத்தது மெய்யான சுவிசேஷப் பணி. துன்புறுவோருக்குப் பணிவிடை செய்வது ஆண்மகனுக்கு இழுக்கன்று, அதுவே அவனுக்குப் பெருமை என்று கற்பித்ததும் அவ்வாறே. இதய வடிவத் துடுப்பு ஆர்னால்டின் பழைய பொருளுக்கு நெருங்கி வருகிறது.

எனினும் கோதுமையோடு களையும் விதைக்கப்பட்டது. முதலாவது, பெரன் அணிந்த சிறுவன் பெண்போன்றவன் என்று இகழப்பட்டான். அவ்வாறு இகழ்ந்த ஆங்கில ஆசிரியர்களின் தலைமுறையே மழலைப் பருவத்தில் கவுன் அணிந்து வளர்ந்தது. குருவானவர்களோ ஆலயத்தில் நீண்ட அங்கியுடனேயே நின்றனர். தம் நாட்டு வழக்கம் தமக்கு வழக்கமாகத் தோன்றாமல் இயற்கையாகத் தோன்றியதே இதற்குக் காரணம். இரண்டாவது, அஞ்சிய சிறுவனுக்குத் தடியைக் காட்டி வீரம் புகட்டப்பட்டது. தடிக்கு அஞ்சி ஓடியவன் தைரியத்தைக் கற்றானா, அல்லது கையில் தடியுள்ளவனே ஆண்மகன் என்பதைக் கற்றானா? மூன்றாவது, ஆண்மகனாயிரு என்னும் புகழுரைக்குள் பெண்ணைப் போலிராதே என்னும் வசையும் அடங்கியிருந்தது. அவ்வசையைக் கேட்டு வளரும் சிறுவன், தன்னுள்ளே எழும் கண்ணீரை மட்டுமன்றித் தன் தாயையும் தங்கையையும் தாழ்வாக எண்ணப் பழகுகிறான்.

மிஷனின் பின்வரலாறே இதற்கு மறுமொழி தந்தது. ஸ்ரீநகரில் பெண்களுக்கும் மிஷன் பள்ளி எழுந்தது. 1920-களில் அங்கு வந்த மியூரியல் மல்லின்சன் அம்மையாரின் தலைமையில் காஷ்மீரப் பெண்பிள்ளைகளும் விளையாட்டுத் திடலுக்கு வந்தனர். ஆண்களுக்கே உரியவை என எண்ணப்பட்ட துணிவும் உறுதியும் பெண்களிடத்திலும் வளரக்கூடியவை என்றால், அவற்றுக்கு ஆண்மை என்று மட்டும் பெயரிடுவது எவ்வாறு பொருந்தும்?

4. திருமறையின் சொல்

இங்கே 1 கொரிந்தியர் 16:13-ஐ நாம் எண்ணாதிருக்க முடியாது. அவ்வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பில் 'புருஷராயிருங்கள்' என வரும் சொல்லின் மூலம் 'அந்த்ரிஸெஸ்தே' என்னும் கிரேக்க வினை. ஆணைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது மெய்யே. ஆயினும் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் யோசுவா 1:6 போன்ற இடங்களில், திடமனதாயிருக்கச் சொல்லும் எபிரேயக் கட்டளைக்கு இச்சொல்லே வழங்குகிறது. அப்போஸ்தலர் இதைக் கொரிந்து சபையின் வாலிபருக்கு மட்டும் எழுதவில்லை. ஆண்களும் பெண்களும் கூடிய சபை முழுவதற்கும் எழுதினார். அதே அதிகாரத்தில் பிரிஸ்கில்லாளின் வாழ்த்தும் சேர்ந்து வருகிறது. இக்கட்டளையை அடுத்துவரும் வசனமோ, சகலமும் அன்போடு செய்யப்படவேண்டும் என்கிறது. அன்பற்ற துணிவுக்கு அங்கு இடமில்லை.

மேலும், இக்கட்டளையை எழுதிய பவுல், கலாத்தியருக்காகத் தாம் பிரசவ வேதனைப்படுவதாகவும், தெசலோனிக்கேயரிடம் பால்கொடுக்கும் தாயைப்போல் நடந்ததாகவும் எழுத வெட்கப்படவில்லை. லாசருவின் கல்லறையருகே நம் ஆண்டவர் அழுதார். எருசலேமை நோக்கித் தம்மைக் குஞ்சுகளைச் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டார். நம் வள்ளுவரும் பிறன் மனைவியை நோக்காத அடக்கத்தையே பேராண்மை என்றார். தசைவலிமையை ஆண்மையின் அளவுகோலாகக் கொண்டால் இவை யாவும் நமக்கு விளங்காமற்போகும்.

5. நமது பொறுப்பு

இவ்வரலாறு காஷ்மீரோடு முடிந்துவிடவில்லை. உடற்பயிற்சியைக் கிறிஸ்தவக் குணவளர்ச்சியோடு இணைத்த அதே இயக்கம், 1920-இல் ஹாரி குரோ பக் மதராஸில் தொடங்கிய ஒய். எம். சி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியின் வாயிலாக நம்மிடமும் வேரூன்றியது. அதனால் நாம் பெற்ற நன்மைகள் பல. ஆனால் ஓய்வுநாள் பள்ளிகளிலும் மாணவர் விடுதிகளிலும் வாலிபர் முகாம்களிலும் நாம் எதைப் புகழ்கிறோம், எதைக் கண்டு நகைக்கிறோம் என்பதை ஆராய்ந்து பார்க்கும் கடமை நமக்குண்டு. 'ஆண்பிள்ளை அழலாமா?' என்று நாம் இயல்பாகக் கேட்கும் கேள்வியில் எந்த நாட்டு வழக்கம் பேசுகிறது? சபை விருந்தில் பரிமாறும் வேலை பெண்பிள்ளைகளுக்கும், மேடையில் பேசும் வேலை ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லாமலே பங்கிடப்படுகிறதே, அதை எந்தத் திருமறைப் பகுதியிலிருந்து பெற்றோம்? மென்மையான சுபாவமுள்ள ஒரு சிறுவன் தோழரால் பெண்பெயர் சூட்டி வதைக்கப்படும்போது, ஆயராகிய நாம் சிரித்துவிட்டு நகர்கிறோமா, அல்லது அவனருகில் நிற்கிறோமா?

தாம் போதித்த ஆண்மை தம் பள்ளித் திடலில் விளைந்தது என்பதை டின்டேல்-பிஸ்கோவின் தலைமுறை உணரவில்லை. அது நேரே சுவிசேஷத்திலிருந்து வந்ததென்றே நம்பியது. நமக்கோ அவர்கள் வரலாறு கண்முன் இருக்கிறது. அத்தலைமுறை வைத்த துடுப்புச் சின்னத்தில் வலிமையும் இரக்கமும் ஒரே மரத்தில் செதுக்கப்பட்டிருந்தன. அவ்விரண்டையும் ஆண்பிள்ளைக்கொன்றும் பெண்பிள்ளைக்கொன்றுமாகப் பிளந்து கொடாமல், நம் பிள்ளைகள் அனைவருக்கும் முழுமையாகக் கொடுப்பதே நம் ஊழியம்.