யானைக்குக்கூட பெயர் இருக்கிறது!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கோயில் குளம் என்று போகிறவர்களுக்கு அது கூரத்தாழ்வார் பிறந்த ஊர். சரித்திரம் படிக்கிறவர்களுக்கு அது கூரம் செப்பேடு கிடைத்த ஊர். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த செப்பேடு அது. சாளுக்கிய மன்னன் விக்கிரமாதித்தனோடு நடந்த போரை அதில் விலாவாரியாக வர்ணித்திருக்கிறார்கள். பல்லவ ராஜாவின் யானைக்குப் பெயர் அரிவாரணம், குதிரைக்குப் பெயர் அதிசயம். இரண்டும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அந்த ராஜாவுக்காகச் சண்டை போட்ட சிப்பாய்கள்? அந்தப் போர் வர்ணனையில் ஒருவர் பெயர்கூட இல்லை!

கால்பந்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மைதானத்தில் ஓடுவது பதினோரு பேர். காலம் ஞாபகம் வைத்துக்கொள்வது ஒருவரையோ இருவரையோதான். ஆட்டோகிராப் வாங்குகிறவர்களும் அந்த ஒருவரைத்தான் துரத்துகிறார்கள்.

ஆனால் இதற்கு நேர்மாறாக ஒரு கூட்டம் இருக்கிறது. தனக்குப் பிடித்த ஒரே ஒரு அணியை எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு மேட்ச் ஆடிவிட்டுக் காணாமல் போனவர், பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ரிசர்வ் கோல்கீப்பர் என்று தேடித்தேடிக் கையெழுத்து வாங்குகிறவர்கள். "இவர் யார் என்று யாருக்குமே தெரியாதே, எதற்கு இந்தக் கையெழுத்து?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் இவர்கள் செய்வதுதான் சரியான காரியம்.

கையெழுத்து சேர்ப்பது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர்கள் நோட்டு வைத்துக்கொண்டு ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் எழுதி வாங்கினார்கள். நம் பிளஸ் டூ கடைசி நாள் ஆட்டோகிராப் நோட்டுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா! நம் ஊரில் சோழர் காலக் கல்வெட்டுகளின் கடைசியில் சாட்சிகள் "இவை என் எழுத்து" என்று முடித்திருப்பார்கள். எழுதத் தெரியாதவர் தன் குறியைப் போடுவார். அதற்குப் பெயர்தான் தற்குறி. இன்று அதைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். ஆனால் அன்று அந்தக் குறி "நானும் இந்த இடத்தில் இருந்தேன்" என்பதற்கான அத்தாட்சி. ஆட்டோகிராப்பும் அதுதானே?

சரி, பெயர் தெரியாதவரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இதற்கு நல்ல உதாரணம் பட்டன் குவின்னெட். 1776-இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட 56 பேரில் ஒருவர். அடுத்த வருடமே, 1777-இல், துப்பாக்கிச் சண்டை ஒன்றில் காயம்பட்டு இறந்துவிட்டார். பெரிதாக யாரும் அவரை நினைப்பதில்லை. ஆனால் 56 பேரின் கையெழுத்தையும் முழுசாகச் சேர்க்க நினைத்தவர்கள் கடைசியில் இவரிடம்தான் வந்து முட்டிக்கொண்டார்கள். இவர் கையெழுத்து அவ்வளவு குறைவு! 2010-இல் அவர் கையெழுத்துள்ள ஒரு கடிதம் 7,22,500 டாலருக்கு ஏலம் போனது. பிரபலமானவர் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருப்பார். தெரியாதவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் கிடைப்பதில்லை.

கால்பந்துக்கே வருவோம். 1958 பிப்ரவரி 6-ஆம் தேதி மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். டங்கன் எட்வர்ட்ஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஜெஃப் பென்ட்? யுனைடெட் அணிக்காக மொத்தமே 12 மேட்ச்தான் ஆடியவர். கேப்டன் ரோஜர் பைர்ன் ஆட முடியாமல் போனால் மாற்று ஆளாக இருக்கட்டும் என்று கூட்டிப் போனார்கள். பெல்கிரேடில் அவர் மைதானத்தில் இறங்கவே இல்லை. திரும்பி வரும் வழியில் இறந்துவிட்டார். பென்ட்டிடம் ஒரு சிறுவன் நோட்டை நீட்டியிருந்தால், அது இன்று எவ்வளவு பெரிய விஷயம்!

இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டார்களின் கையெழுத்தில் போலி அதிகம். அமெரிக்காவில் 1990-களில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட சிக்கியது. அன்னை தெரசாவுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?! ரிசர்வ் கோல்கீப்பர் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டு யாருக்கு என்ன லாபம்?

இப்போது நம் கதை. நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி அது. அந்த அணியில் நமக்குத் தெரிந்தவர் பீட்டர் தங்கராஜ். 1956, 1960 ஒலிம்பிக்கில் ஆடினார். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியின் கோல்கீப்பர். அவருக்கு முன்னால் நின்று பந்தைத் தடுத்தவர்கள் யார் யார்? கேட்டால் நம்மில் யாருக்காவது சொல்லத் தெரியுமா?

அதேபோல 1948 லண்டன் ஒலிம்பிக். ஜூலை 31-ஆம் தேதி பிரான்ஸோடு இந்தியா ஆடியது. நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல்! எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ், 1973-இல் கேரளா முதல்முறையாக சந்தோஷ் டிராபி ஜெயித்தபோது அதன் கோச். தமிழ்நாட்டில் அவரை எத்தனை பேர் தெருவில் நிறுத்திக் கையெழுத்துக் கேட்டிருப்பார்கள்?

அந்தக் காலத்தில் நம் ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்திலும் ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை பார்த்தவர்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டதெல்லாம் சம்பளப் பட்டியலிலும் பென்ஷன் பேப்பரிலும்தான். பழைய பேப்பர் என்று எடைக்குப் போட்டால் அதுவும் போச்சு.

அதனால் அடுத்த முறை மேட்ச் பார்க்கப் போனால், கோல் அடித்தவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை விட்டுவிட்டு, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் நோட்டை நீட்டுங்கள். உங்கள் தெருவில் ஒரு காலத்தில் ஜில்லா டீமுக்கு ஆடிய பெரியவர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதி, அணியின் பெயர், எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். வெறும் கையெழுத்தை நாளைக்கு யாராலும் படிக்க முடியாமல் போகலாம். இந்த மூன்றும் இருந்தால் அது ஒரு ஆவணம்.

ராஜாவின் பெயரை எழுதிவைக்கப் புலவர்கள் இருந்தார்கள். சிப்பாயின் பெயரை எழுதி வாங்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.