அழுத்தம் உணரும் டிஜிட்டல் பேனா

அழுத்தம் உணரும் டிஜிட்டல் பேனா என்பது, எழுதுபவர் முனையை எவ்வளவு அழுத்துகிறார் என்பதை அளந்து கணினிக்குத் தெரிவிக்கும் உள்ளீட்டுக் கருவி. அந்த அளவுக்கேற்ப மென்பொருள் கோட்டின் தடிமனையோ வண்ணத்தின் அடர்த்தியையோ மாற்றுகிறது.

செயல்படும் விதம்

ஜப்பானில் 1983-இல் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம் பரவலாக்கிய மின்காந்த ஒத்ததிர்வு முறையில் பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. பேனாவால் எழுதும் பலகையின் பரப்புக்கு அடியிலுள்ள கம்பி வலை எழுப்பும் மின்காந்தப் புலத்தால் பேனாவின் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து அதிர்கின்றன. முனை அழுந்தும்போது அதிர்வெண் சற்று மாறும். பலகை அதை அழுத்தமாகக் கணக்கிடும். முனையில் மட்டுமன்றித் தண்டிலும் அழுத்த உணரி வைப்பதுண்டு: 2024-இல் வந்த ஆப்பிள் பென்சில் புரோவின் தண்டை விரலால் அழுத்தினால் கருவிப் பட்டியல் திறக்கும்.

படிகளும் தொடக்க அழுத்தமும்

1998-இல் வெளிவந்த வாகாமின் இன்டுவோஸ் பலகை 1024 அழுத்தப் படிகளைப் பிரித்தறிந்தது. 2017-இன் இன்டுவோஸ் புரோ 8192 படிகளை அறியும். விளம்பரங்கள் இந்த எண்ணையே முன்னிறுத்துகின்றன. ஆனால் எழுதும் கைக்கு அதைவிட முக்கியமானது தொடக்க அழுத்தம், அதாவது கோடு விழத் தேவையான மிகக் குறைந்த அழுத்தம்.

தமிழ் எழுத்தில் இது உடனே தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியை நாம் முனையால் லேசாகத் தொட்டுத்தான் வைக்கிறோம். தொடக்க அழுத்தம் அதிகமானால் அந்தத் தொடுகை பதிவாகாது: விழுப்புரம் ‘விழுபபுரம’ ஆகும், திண்டிவனம் ‘திணடிவனம’ ஆகும். மிகக் குறைந்தாலோ, முனையைத் தூக்கும்போது எழுத்துகளுக்கிடையே இழுவைக் கோடு விழும். கையெழுத்தைக் கணினிக்குப் படிக்கக் கற்பிப்பதற்கும் புள்ளி தவறாமல் பதிவாக வேண்டும். ஹெச்.பி. லேப்ஸ் இந்தியா பேனா அசைவுகளாகத் தொகுத்த தமிழ்க் கையெழுத்துத் தரவில் 156 எழுத்து வடிவங்கள் உள்ளன. 2006-இல் அதைக் கொண்டு பன்னாட்டு அளவில் எழுத்தறிதல் போட்டி நடந்தது.

அழுத்த வளைவு

கை அழுத்தத்துக்கும் திரையில் விழும் கோட்டுக்கும் உள்ள உறவை ‘அழுத்த வளைவு’ தீர்மானிக்கிறது. கிரிட்டா போன்ற வரைகலை மென்பொருள்களில் இதை மாற்றிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, விழுப்புரம் மாவட்டம் பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடையின்கீழ் சாய்ந்து நிற்கும் தேவியின் சிதைந்த ஓவியம் இருக்கிறது. அத்தகைய சுவரோவியத்தின் புகைப்படத்தின்மேல் கோடுகளைப் படியெடுப்பவருக்கு, லேசான அழுத்தத்திலேயே தடிமன் நுணுக்கமாக மாறும் வளைவு உதவும். ஒரே தடிமனில் இழுத்தால் தூரிகையின் ஏற்ற இறக்கம் படியில் வராது.

தேர்வு

பேனா வாங்குபவர் படிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிற்காமல், தம் வழக்கமான வேகத்தில் மெய்யெழுத்துகள் நிறைந்த ஒரு வரியை எழுதிப் பார்ப்பது நல்லது. எல்லாப் புள்ளிகளும் விழுந்து, இழுவைக் கோடு விழாமல் இருந்தால் அந்தப் பேனா தமிழ் எழுத ஏற்றது.